காலைப் பிடிப்பவர்கள்

"என்னக்கா, எடுத்த எடுப்பிலேயே காலைப் பிடிச்சிட்டீங்க?"

என்னோடு மேட் மேல் உருண்டுகொண்டிருந்த கல்லூரிப் பையன் இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தான். அப்போது அவன் கணுக்கால் என் அக்குளுக்குள் மாட்டியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் காலைப் பிடிப்பது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்ணையார் காலைப் பிடித்தது, தாசில்தார் காலைப் பிடித்தது, கந்துவட்டிக்காரன் காலைப் பிடித்தது என்று நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. இங்கே காலைப் பிடித்தவள் கெஞ்சவில்லை. பத்து விநாடி கழித்து அந்தப் பையன்தான் என் தொடையில் இரண்டு தட்டு தட்டினான். தட்டினால் விட்டுவிட வேண்டும். விட்டேன்.

எம்.எம்.ஏ. என்கிற மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸை உங்களில் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். குத்தும் உதையும் நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் தரையில் விழுந்து பின்னிக்கொள்ளும்போதுதான் "ஒண்ணும் நடக்கல" என்று விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். உண்மையில் அங்கேதான் நிறைய நடக்கிறது. கழுத்தின் இரு பக்கமும் இருக்கும் ரத்தக் குழாய்களை அழுத்தினால் சில விநாடிகளில் மயக்கம் வரும். முழங்கையையோ தோளையோ இயல்புக்கு எதிராக மடக்கினால் மூட்டு போய்விடும். அந்த நிலை வருவதற்கு முன் எதிராளி தட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் சப்மிஷன். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் 'கிடுக்கிப்பிடி' இதற்கு நன்றாகப் பொருந்தும்.

முப்பத்து நான்கு வயதில் நான் இதற்குள் வந்ததற்குப் பெரிய கொள்கைக் காரணம் எதுவும் இல்லை. களப்பணி முடிந்து இரவு பத்து மணிக்குப் பேருந்துக்கு நிற்பவள் நான். தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். மாதக் கட்டணம் என் வீட்டு வாடகையில் நாலில் ஒரு பங்கு. இந்தக் கூடங்களில் நம் பிள்ளைகள் ஏன் அதிகம் இல்லை என்பதற்கு அந்த ஒரு தகவலே போதும்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கணுக்கால் பூட்டைக் கற்றுத்தந்த அன்று எங்கள் பயிற்சியாளர் ஒரு துணுக்குச் செய்தி சொன்னார். நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லித்தருபவர். "பிரேசில்ல ஒரு காலத்துல இதைப் பண்றவங்களை 'சபாத்தேய்ரோ'ன்னு கேலி பண்ணுவாங்க. அப்படின்னா செருப்புத் தைக்கிறவன். எப்பப் பார்த்தாலும் காலையே பிடிச்சிட்டு இருக்கான்ல, அதான்" என்றார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் தாத்தா திண்டுக்கல் பக்கம் ஒரு பேருந்து நிலையத்தின் வாசலில் செருப்புத் தைத்தவர். குத்தூசி, தோல் கத்தி, மூன்று கால் இரும்பு அச்சு, ஒரு டப்பா பசை. செருப்பைக் கழற்றிக் கொடுத்தவர்களின் கால் சுடக் கூடாது என்று ஓர் அட்டைத் துண்டைத் தரையில் போட்டு வைத்திருப்பார். அந்த அட்டையின் மேல் நின்றபடிதான் அவர்கள் அவரை "ஏய்" என்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் அந்த அட்டை நினைவுக்கு வந்தது. அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தப் பிரேசில் கதையைத் தேடிப் படித்தேன். பயிற்சியாளர் சொன்ன துணுக்கைவிட அது பெரியது.

ஜப்பானிய ஜூடோ வீரர் மித்சுயோ மயேதா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடமிருந்து வந்த வித்தையைத்தான் கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஹீலியோ கிரேசியும் தங்கள் குடும்பத்தின் பெயரோடு சேர்த்து வளர்த்தார்கள். ரியோ டி ஜெனிரோவில் கிரேசி குடும்பத்தின் கூடம் வசதி படைத்தவர்கள் வந்துபோன இடம். அதே மயேதாவிடம் தொடங்கும் இன்னொரு கிளையும் உண்டு. மயேதாவிடமிருந்து லூயிஸ் ஃபிரான்சா, அவரிடமிருந்து ஓஸ்வால்டோ ஃபத்தா. இந்த ஃபத்தா 1950-ல் பெந்தோ ரிபேய்ரோ என்ற பகுதியில் கூடம் திறந்தார். ரயில் பாதையை ஒட்டிய உழைக்கும் மக்களின் பகுதி அது. பணம் இல்லாதவர்களுக்கு இலவசமாகவே கற்றுத்தந்தார், பொது இடங்களிலும் பயிற்சி கொடுத்தார்.

1950-களில் ஃபத்தா செய்தித்தாள் வழியாக கிரேசிகளுக்குச் சவால் விட்டார். போட்டி கிரேசிகளின் கூடத்திலேயே நடந்தது. ஃபத்தாவின் மாணவர்கள் வென்றார்கள். அவர்கள் கையில் இருந்த முக்கியமான ஆயுதம் கால் பூட்டு. கிரேசி மாணவர்கள் அதைப் பெரிதாகப் பயின்றதே இல்லை. பயிலாததற்குக் காரணம் அறியாமை மட்டும் அல்ல. அது அவர்களுக்கு 'சுபுர்பானோ' வித்தை.

இந்தச் சொல்லை 'புறநகர்' என்று பெயர்த்தால் நமக்குத் தாம்பரம் தாண்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு நினைவுக்கு வந்துவிடும். ரியோவில் அதன் பொருள் வேறு. கடற்கரைப் பக்கம் பணக்காரர்கள், ரயில் பாதைப் பக்கம் உழைப்பாளிகள். 'சுபுர்பானோ' என்றால் அந்தப் பக்கத்து ஆள், நாகரிகம் போதாத ஆள். நம் ஊரில் 'காலனிக்காரன்' என்று சொல்லும்போது உதடு எப்படி வளையுமோ, கிட்டத்தட்ட அந்த வளைவு. ஒரு பூட்டுக்கு முகவரியை வைத்து மதிப்புப் போட்டிருக்கிறார்கள். அதே ரியோவில் 'லூட்டா லிவ்ரே' என்று இன்னொரு மரபும் இருந்தது. அந்தத் தடித்த பயிற்சி உடை வாங்க வசதியில்லாதவர்களின் சண்டை என்று அதையும் ஒதுக்கினார்கள்.

பிரேசிலில் நடந்ததும் இங்கே நடப்பதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. 1888 வரை அடிமைமுறையைச் சட்டமாக வைத்திருந்த நாடு அது, அதன் காயங்கள் வேறு. அங்கே செருப்புத் தைப்பது பிறப்பால் விதிக்கப்பட்டது அல்ல. ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டால் அவர் பேத்தியை யாரும் அந்தப் பெயரால் அழைக்கப் போவதில்லை. இங்கே என் அப்பா ஊசியைத் தொட்டதே இல்லை, நான் சமூகவியலில் முதுகலை முடித்திருக்கிறேன், ஆனாலும் ஊருக்குப் போனால் எனக்குப் பெயர் அதுதான். ஆனால் ஒரு நுட்பத்தை இழிவுபடுத்த உலகத்தின் இன்னொரு மூலையில் இருந்தவர்களுக்கும் செருப்புத் தைப்பவர்தான் கைக்கு வந்தார் என்பதை என்னால் துணுக்காகக் கடந்துபோக முடியவில்லை.

சிலர் உடனே சொல்வார்கள், அது கேலிக்காக அல்ல, பாதுகாப்புக்காக ஒதுக்கியது என்று. இதில் பாதி உண்மை. கால் பூட்டுகளில் ஹீல் ஹுக் என்று ஒன்று இருக்கிறது. எதிராளியின் குதிகாலை நம் முழங்கை மடிப்பில் கொக்கி போட்டுத் திருப்புவது. திருகல் பாதத்தில் தொடங்கினாலும் அடி விழுவது முழங்காலுக்கு. முழங்கை பூட்டில் முதலில் வலிக்கும், பிறகுதான் சேதம். ஹீல் ஹுக்கில் வலி பெரிதாகத் தெரியும் முன்பே தசைநார் அறுந்துவிடக்கூடும். அதனால் இதில் மாட்டியவர் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது, பிடி அமைந்ததுமே தட்டிவிட வேண்டும். பிடித்தவரும் தட்டிய நொடியே விட வேண்டும். ரூசிமார் பாலாரெஸ் என்ற பிரேசில் வீரர் எதிராளி தட்டிய பிறகும் விடாமல் திருகியதற்காக 2013-ல் யு.எஃப்.சி. அவரை வெளியேற்றியது. ஜூடோ போட்டிகளிலும் இன்று முழங்கை பூட்டு தவிர வேறு மூட்டுப் பூட்டுகளுக்கு அனுமதி இல்லை. இந்த எச்சரிக்கையெல்லாம் நியாயமானது.

ஆனால் நான் அந்தப் பையனுக்குப் போட்டது நேரான கணுக்கால் பூட்டு. எதிராளியின் பாதத்தை அக்குளில் இறுக்கி, மணிக்கட்டை ஒட்டிய எலும்பைக் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்புத் தடிப்பில் வைத்து, இடுப்பை முன்னே தள்ளிப் பின்னால் வளைய வேண்டும். வலி முதலிலேயே வந்துவிடும், தட்ட நேரம் இருக்கும். இன்றைய ஜூஜிட்சு போட்டி விதிகளில் வயது வந்த வெள்ளை பெல்ட்காரர்களுக்கே, அதாவது என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கே, இதற்கு அனுமதி உண்டு. ஆளை மயக்கமடைய வைக்கும் கழுத்துப் பிடி கௌரவமானது, கணுக்காலைப் பிடிப்பது மட்டும் கேவலமானது என்றால் அங்கே அளவுகோல் பாதுகாப்பு அல்ல. கழுத்து மேலே இருக்கிறது, கால் கீழே இருக்கிறது. காலில் பிறந்தவர்கள் என்று யாரைச் சொன்னார்கள், அந்த உடம்பிலேயே இடம் இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். உடம்பின் உறுப்புகளுக்கு வரிசை வைப்பவர்களை நமக்கு அடையாளம் தெரியும்.

எனக்கு உறுத்துவது கேலி அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. ஃபத்தாவின் ஆட்கள் ஜெயித்துவிட்டார்கள். அவர்கள் கூடத்துக்கே போய், அவர்கள் மாணவர்கள் முன்னாலேயே ஜெயித்தார்கள். அதன் பிறகு கால் பூட்டுக்கு மரியாதை வந்ததா? வரவில்லை. அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு பிரேசில் ஜூஜிட்சு கூடங்களில் அது மலிவான வித்தையாகவே இருந்தது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. நடந்தது. ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனமானவர்களைப் பணியவைத்துப் பட்டம் வென்றார், உலகமே கிரேசி ஜூஜிட்சு பக்கம் திரும்பியது. அதே இரவு அதே மேடையில் கென் ஷாம்ராக் தன் முதல் சண்டையை ஹீல் ஹுக்கில்தான் முடித்தார். 1995-ல் லூட்டா லிவ்ரே பின்னணியிலிருந்து வந்த மார்கோ ருவாஸ் ஏழாவது யு.எஃப்.சி. பட்டம் வென்றபோதும் வழியில் ஒருவரை ஹீல் ஹுக்கில் தட்டவைத்தார். கண்ணெதிரே நடந்தும் மதிப்பு மாறவில்லை.

பிறகு எப்போது மாறியது? நியூயார்க்கில், ஒரு கிரேசி கூடத்துக்குள்ளிருந்தே. ஜான் டனஹர் என்ற பயிற்சியாளர் அங்கே இருந்தார். நியூசிலாந்துக்காரர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் ஆராய்ந்தவர். டீன் லிஸ்டர் என்ற வீரர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார், மனித உடம்பில் பாதியை ஏன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று. டனஹர் அந்தக் கேள்வியை விடவில்லை. கால் பூட்டுகளை ஒழுங்குபடுத்தி, படிப்படியாகக் கற்பிக்கும் முறையாக மாற்றினார். அவரிடம் கற்ற கேரி டோனன், கோர்டன் ரயன் போன்றவர்கள் கடந்த பத்தாண்டுகளில் போட்டிகளை அள்ளினார்கள். 2018 டிசம்பரில் யு.எஃப்.சி. மேடையில் பழைய சாம்பியன் பி.ஜே. பென்னை ரயன் ஹால் முதல் சுற்றிலேயே ஹீல் ஹுக்கில் முடித்தார். 2021-ல் உலக அளவிலான ஜூஜிட்சு கூட்டமைப்பே, தடித்த உடை அணியாத பிரிவில் உயர்நிலை பெல்ட்காரர்களுக்கு ஹீல் ஹுக்கை அனுமதித்தது. இன்று கால் பூட்டு அறிவாளிகளின் வித்தை. அதற்குத் தனி வீடியோ வகுப்புகள் உண்டு, விலை கேட்டால் மயக்கம் வரும்.

டனஹர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்வி லிஸ்டருடையது என்று அவரே சொல்லிவருகிறார், அந்த நேர்மை பெரிது. ஆனால் பெந்தோ ரிபேய்ரோவில் பிறந்தால் செருப்புத் தைப்பவன் வித்தை, நியூயார்க்கில் மறுபடி பிறந்தால் 'சிஸ்டம்' என்கிற இந்தப் பயணத்தை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். பறை இன்று யார் யார் மேடையில் ஒலிக்கிறது, அதை அடித்தவர்களின் தெருவில் இன்று என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். அதற்குள் போனால் கட்டுரை நீண்டுவிடும்.

தோழர்களே, நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் பல வருடங்களாக நான் பிள்ளைகளிடம் சொல்லிவந்த ஒரு வாக்கியம் உண்டு. "ஜெயிச்சுக் காட்டு, வாயை மூடிக்கிட்டு மதிப்பாங்க." போன ஆண்டு கல்லூரியில் முதல் மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி வந்தாள். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு வகுப்பில் ஒருவன், "கோட்டால வந்துட்டு இது வேறயா" என்றிருக்கிறான். அவள் அழவில்லை. "ஜெயிச்சுக் காட்டிட்டேனே அக்கா, அடுத்து என்ன பண்றது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

பல்வங்கர் பாலுவின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சமார் சமூகத்தில் 1876-ல் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்துக்கொண்டு அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டார். மட்டை அவர் கைக்கு வரவில்லை. பிறகு இந்துக்கள் அணிக்கு ஆடியபோது, மற்றவர்கள் உள்ளே தேநீர் குடிக்க அவருக்கு வெளியே மண் குவளை. 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அதைவிட என்ன ஜெயித்துக் காட்டுவது? அணித் தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-ல் அது கிடைத்தது. அதற்கு முன் தம்பிகள் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகியது நடந்திருக்கிறது.

பாலுவின் கதையைப் பல தடவை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், 'சாதித்துக் காட்டியவர்' என்ற தலைப்பில். அதைத் தப்பாகவே சொல்லிவந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. விக்கெட் எடுத்தது ஒரு வேலை, தலைமைப் பதவியைத் திறந்தது வேறொரு வேலை. முன்னதைச் செய்தால் பின்னது தானாக நடக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்வது, அது நடக்காதபோது குற்றத்தை அவர்கள் தலையிலேயே கட்டுவதாக முடிகிறது. இன்னும் கொஞ்சம் நன்றாக ஜெயித்திருக்க வேண்டுமோ என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்வார்கள். ஃபத்தாவின் மாணவர்கள் எவ்வளவு நன்றாக ஜெயித்திருக்க வேண்டும்?

மேட் மேல் எல்லோரும் சமம் என்று இந்த விளையாட்டுக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. பன்னிரண்டு பேரின் வியர்வையும் ஒன்றோடொன்று ஒட்டும், யார் கழுத்து யார் கையில் என்று பார்க்க நேரம் இருக்காது. தொட்டால் தீட்டு என்ற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மணி அடித்ததும் தண்ணீர் பாட்டிலோடு உட்காரும்போது கேள்வி வந்துவிடும். "நீங்க திண்டுக்கல்லா? திண்டுக்கல்ல எங்க?" ஊரைச் சொன்னால் தெரு, தெருவைச் சொன்னால் கோயில். அவர்களுக்கு வேண்டிய பதில் எது என்று எனக்கும் தெரியும், நான் தர மாட்டேன் என்று அவர்களுக்கும் இப்போது தெரியும். இன்னொரு வேடிக்கை, ஒரு மென்பொருள் கம்பெனி மேனேஜர் பெண்ணிடம் தட்டுவதில்லை என்று சபதம் எடுத்தவர்போல நடந்துகொள்வார். முகம் சிவந்து, கணுக்கால் கதறும் நேரத்தில் "கால் வழுக்கிடுச்சு" என்பார். அவரும் ஒருநாள் தட்டினார். அதற்குப் பிறகு என்னோடு உருள வருவதையே நிறுத்திக்கொண்டார். இங்கேயும் அதே கதைதான், ஜெயித்தேன், மதிப்பு வரவில்லை.

அப்படியென்றால் எதற்குக் கற்க வேண்டும் என்று கேட்பீர்கள். நான் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன், அதுவும் கால் பூட்டோடு சேர்த்து. கெட்டவன் ஒருவன் இருட்டில் மேலே விழுந்தால் கீழே இருந்துகொண்டே என்ன செய்யலாம் என்று என் உடம்புக்கு இப்போது கொஞ்சம் தெரியும். ஐம்பது கிலோ உடம்பு எண்பது கிலோவை நிறுத்த முடியும் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவளுக்கு நடக்கும்போது தோள் வேறு மாதிரி நிற்கிறது. இதெல்லாம் எனக்கான லாபம். மேனேஜர் மதிக்கிறாரா என்பது இந்தக் கணக்கில் வராது. ஃபத்தாவும் அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தொடர்ந்து கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கிளை அழியவில்லை. அதிலிருந்து வந்த வென்டல் அலெக்சாந்த்ரேவும், கிரேசி கிளையிலிருந்து வந்த ஆந்த்ரே பெதெர்நெய்ராஸும் சேர்ந்து தொடங்கியதுதான் நோவா உனியாவ் அணி. வறுமையில் வளர்ந்து மனவுஸ் நகரிலிருந்து ரியோவுக்கு வந்த ஜோசே அல்டோ அங்கேதான் உலக சாம்பியன் ஆனார்.

அந்தச் சிரிப்பைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசினேன், இரண்டு வாரம் தள்ளிப்போட்ட பிறகு. தாத்தாவைப் பற்றி, அந்த அட்டையைப் பற்றி, ஃபத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் யோசிக்கல" என்றார். அடுத்த தொகுதிக்குக் கணுக்கால் பூட்டு சொல்லித்தந்தபோது பெந்தோ ரிபேய்ரோ கதையையும் சேர்த்துச் சொன்னார். 'சபாத்தேய்ரோ' வந்தது, யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் "யார் சார் ஜெயிச்சாங்க?" என்று கேட்டான்.

அந்த மாணவிக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. அந்த வகுப்பில் நடந்ததை எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க நானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்தோம். மனுவை நான்கு முறை திருத்தினாள். என் ஆங்கிலத்தில் இரண்டு தப்பும் கண்டுபிடித்தாள்.

சனிக்கிழமை மாலைகளில் படிப்பக மாடியில் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். கற்றுத்தருவது நான் இல்லை, நான் வெள்ளை பெல்ட். நீல பெல்ட் வாங்கிய ஒரு தோழர் கட்டணம் இல்லாமல் வருகிறார். பதினெட்டு வயது நிரம்பிய மாணவ மாணவியருக்கு மட்டும் கால் பூட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு விழுவதும் விலகுவதும் தட்டுவதும். ஹீல் ஹுக் யாருக்கும் கிடையாது. இரண்டு மேட் இருக்கிறது, பழைய விலைக்கு வாங்கியது. இன்னும் ஆறு வேண்டும். அதுவரை தார்ப்பாய் விரித்து அதன் மேல் ஜமுக்காளம் போட்டு உருள்கிறோம், முழங்கை கொஞ்சம் தேயும். வர நினைப்பவர்கள் நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள். செருப்பை மாடிப்படியின் கீழே விட்டுவிடலாம். வார் அறுந்திருந்தால் சொல்லுங்கள், தாத்தாவின் ஊசி என்னிடம்தான் இருக்கிறது.